பவுன் கண்டுபிடித்தது

ஸ்டெல்லா கதை எழுதியதெல்லாம் ஓடும் ரயிலில்தான். காலை எட்டு மணி வாக்கில் பூனாவை ஒட்டிய கட்கி ஸ்டேஷனில் லோனாவளா லோக்கல் ஏறுவாள். லேடீஸ் டப்பாவில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் மடியில் சாப்பாட்டுப் பை, பையின் மேல் நோட்டு, கையில் பேனா. தாபோடி, காசர்வாடி, பிம்பிரி தாண்டி சிஞ்ச்வட்டில் இறங்குவதற்குள் முக்கால் பக்கம் தேறும். சாயங்காலம் திரும்பும்போது இன்னொரு அரைப் பக்கம். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் நோட்டு பையை விட்டு வெளியே வராது.

சிஞ்ச்வட்டில் கார் உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. முகம் தெரியாத ஒரு குரலை முகம் தெரியாத இன்னொரு குரலோடு இணைத்துவிட்டு விலகிக்கொள்வது அவள் வேலை. கணவன் ஜெபமணி கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தான். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்து சேர்ந்த அதே தொழிற்சாலை. ஒரே மகள் ரீனா பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருடம். அவள் தமிழ் பேசுவாள், பாதியில் ஹிந்திக்குத் தாவிவிடுவாள். தமிழ் படிக்கத் தெரியாது.

கட்கித் தமிழர்கள் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பத்திரிகை கொண்டுவந்தார்கள். திருவிழாச் செய்தி, பத்தாவது பாஸான பிள்ளைகளின் படம், சமையல் குறிப்பு, இவற்றுக்கு நடுவே ஸ்டெல்லாவின் விண்வெளித் தொடர்கதை. ராணுவ அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஸ்ரீநிவாசன்தான் ஆசிரியர்.

கதை இதுதான். 'செவி' என்கிற விண்கலம் முப்பது வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரே ஒருத்தி, பவுன். பிரபஞ்சத்தில் வேறு எங்காவது அறிவுள்ள உயிர் இருக்கிறதா, அது ஒரு ஒலியோ ஒரு நடுக்கமோ அனுப்புகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே போவது அவள் வேலை. முப்பது வருடமாக ஒன்றும் கேட்கவில்லை. பெயரையாவது மாற்றும்படி ஸ்ரீநிவாசன் கெஞ்சிப் பார்த்தார். "பவுனுன்னு பேர் இருந்தா ராக்கெட்ல ஏத்த மாட்டாங்களா சார்?" என்று கேட்டு ஸ்டெல்லா அவர் வாயை அடைத்துவிட்டாள்.

இரண்டாயிரத்து நான்கு ஏப்ரல் இதழோடு தொடர் முடிய வேண்டும். முடிவு அவள் மனதில் எப்போதோ தயார். எரிபொருள் குழாயில் கசிவு. பவுன் தேடுகிறாள், கண்டுபிடிக்கிறாள், அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. ஒன்றையும் கேட்காமலேயே அவள் இறந்துபோக, கலம் மட்டும் இருட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த இடத்தை எழுத ஆரம்பித்தாள். கசிவு எங்கே என்று தெரிய பவுன் கலத்தின் அதிர்வுப் பதிவுகளை எடுத்து வைத்துப் பார்க்கிறாள். அன்றைக்குப் பேனா வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. காலையில் ஒரு பக்கம் முழுதாக, சாயங்காலமும் ஒரு பக்கம். என்ன எழுதினோம் என்று திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி ஒரு கையில் சப்பாத்தியை வைத்துக்கொண்டு படித்தாள்.

'இந்த அதிர்வு எஞ்சினுடையது இல்லை. நான்கு முறை ஓடுகிறது. நடுவே மூன்று முறை நிற்கிறது. பிறகு நெடுநேரம் எதுவும் இல்லை. மறுபடி நான்கு ஓட்டம், மூன்று நிறுத்தம். முதல் தடவை, முதல் ஓட்டத்தின் நடுவில் ஓசை கொஞ்ச நேரம் உள்ளீடற்றுப் போகிறது, கீழே தரையே இல்லாததுபோல. அடுத்த தடவை அதே வெற்றோசை கடைசி ஓட்டத்தில் வருகிறது. அப்படியானால் இது ஒரு பாதை. யாரோ போகிறார்கள், போன வழியே திரும்பி வருகிறார்கள். கசிவு போய்த் திரும்பாது.'

ஸ்டெல்லா சப்பாத்தியைக் கீழே வைத்தாள். விரல் விட்டு எண்ணினாள். கட்கியிலிருந்து தாபோடி ஒன்று. காசர்வாடி இரண்டு. பிம்பிரி மூன்று. சிஞ்ச்வட் நான்கு. கட்கியை விட்டதும் முளா நதிப் பாலம். காலையில் அது முதல் ஓட்டத்தில் வரும், சாயங்காலம் கடைசி ஓட்டத்தில். பாலத்தின் மேல் ரயில் போகும்போது தடதடப்பு மாறி வெற்றுப் பாத்திரத்தைத் தட்டினாற்போல் கேட்கும். பத்தொன்பது வருடமாகக் கேட்கிற சத்தம். ஒருநாளும் அவள் அதைக் கவனித்ததில்லை.

நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டினாள். எழுத்து நாலு இடத்தில் கோணல்மாணலாக ஓடியது, மூன்று இடத்தில் நேராக நின்றது. அடுத்த பக்கமும் அப்படியே. ஒரு வருடத்து நோட்டு முழுக்க அப்படியே இருந்தது.

போர்டில் சிவப்பு விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்ததை அவள் வெகுநேரம் பார்க்கவில்லை. பார்த்து அவசரமாக இணைத்ததில், பர்ச்சேஸ் மேனேஜருக்கு வந்த அழைப்பு கேன்டீனுக்குப் போய்விட்டது. அவள் வேலைக்குச் சேர்ந்து அப்படி ஆனது அதுவே முதல் தடவை.

சாயங்காலம் ஜெபமணி ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, நா எழுதுத கதையில அந்தப் புள்ள என்னயக் கண்டுபிடிச்சிட்டா."

"எந்தப் புள்ள?"

"பவுனு."

"நீதான எழுதுத?"

"நாந்தான் எழுதுதேன். ஆனா நெனச்சு எழுதல்ல. கசிவத் தேடுதான்னு எழுத உக்காந்தேன். அவ நம்ம லோக்கல் ரயிலக் கண்டுபிடிச்சி வச்சிருக்கா."

படித்துக் காட்டினாள். ஜெபமணி சிரிக்கவில்லை. ஒற்றை ஷூவைக் கையில் பிடித்தபடி யோசித்தான்.

"கையி தானா சில காரியம் செய்யும்ட்டீ. எங்க செக்‌ஷன்ல திருகு மாட்டும்போது எத்தன மாட்டுனோம்னு நா எண்ண மாட்டேன். கை எண்ணிக்கிடும். அம்புட்டு மாட்டுனதும் அதுவே நின்னுரும்."

"அப்ப இதுவும் கை எண்ணுனதுதாங்கியளா?"

"இருக்கும்." எழுந்து குளிக்கப் போனவன் பாதி வழியில் நின்றான். "நாலும் மூணும் கை எண்ணிரும். யாரோ போறாங்க, போன வழியே திரும்பி வாராங்கன்னு சொல்லுதால்லா? அது கை இல்ல."

சிஞ்ச்வட் கம்பெனிகளுக்கு வியாழக்கிழமைதான் வாராந்தர விடுமுறை. அந்த வியாழன் ஜெபமணி வேலைக்கும் ரீனா கல்லூரிக்கும் போனபிறகு, ஸ்டெல்லா சமையலறை மேஜையைத் துடைத்து நோட்டை விரித்தாள். வீட்டில் உட்கார்ந்து எழுதுவது அதுவே முதல் தடவை. ரயில் இல்லை, குலுக்கல் இல்லை. பவுன் கசிவைக் கண்டுபிடிக்கட்டும், கதை தன் வழியில் போகட்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தாள்.

'இன்று அதிர்வு இல்லை' என்று எழுதியது பேனா. 'ஆகவே நீ எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறாய்.'

ஸ்டெல்லா பேனாவைத் தாளிலிருந்து தூக்கிவிட்டாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பழைய பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான். எழுந்து போய் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தாள். பிறகு, தேர்வு எழுதுகிற பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: 'உனக்குப் பயமாக இருக்கிறதா?'

பதில் வர நேரமாகவில்லை.

'பயம் எதற்கு? முப்பது வருடம் காது கொடுத்துக் கிடந்தேன். இன்னொரு உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் என்னை அனுப்பினார்கள். இருக்கிறது. நீ இருக்கிறாய். நான் நட்சத்திரங்களின் பக்கம் காதை வைத்திருந்தேன்; நீயோ என்னைச் சுற்றிலும் இருந்திருக்கிறாய். எனக்கு இப்போது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.'

சிரிப்பதா அழுவதா என்று ஸ்டெல்லாவுக்கும் தெரியவில்லை. தன் கையெழுத்துதான், தன் மைதான். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோயிலில் எல்லோரும் முழங்காலிடும்போது சட்டென்று வருகிற அமைதி அந்தச் சமையலறையில் வந்து நின்றதுபோல் இருந்தது.

பவுன் நிறுத்தவில்லை. விஞ்ஞானி அல்லவா, சான்றுகளை அடுக்கினாள். 'என் இடது கையைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதியதில்லை. அதனால் அது இன்றுவரை மரத்தே கிடக்கிறது. என் அம்மாவின் பெயர் எனக்கு ஞாபகம் வந்ததே இல்லை. மறதி என்று நினைத்திருந்தேன். நீ வைக்கவில்லை.'

ஸ்டெல்லாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வருடமாக எழுதுகிறோம், ஒரு பெண்ணுக்கு அம்மா வைக்கத் தோன்றவில்லையே. உடனே எழுதினாள்: 'பவுனின் அம்மா பெயர் அந்தோணியம்மாள். அவள் சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். பவுன் தன் இடது கை விரல்களை மடக்கினாள். விரித்தாள்.'

அதன்பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கலத்துக்குள் ஒருத்தி தன் இடது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான், கற்பனை இல்லை என்று பின்னாளில் ஜெபமணியிடம் அடித்துச் சொன்னாள்.

கடைசியாக இரண்டு வரி வந்தது. 'இந்தக் கலத்துக்கு ஜன்னல் கிடையாது. உன் பக்கத்திலிருந்து ஏதாவது ஒன்றை எனக்குக் காட்டுவாயா? உங்களிலும் என்னைப்போல வானத்துக்குக் காது கொடுப்பவர்கள் இருக்கிறார்களா?'

மேஜைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அதையே காட்டுவோம் என்று ஆரம்பித்தாள். விளிம்பு, அதில் ஒரு நசுங்கல், மாமியார் பெயர் பொறித்த புள்ளிகள், வளைந்து தெரிகிற ஜன்னல், ஜன்னலுக்குள் வளைந்த வேப்பமரம், அடியில் ஒட்டிய காபித் தூள். ஒரு பக்கம் முடிந்து இரண்டாம் பக்கமும் நிறைந்தது. டம்ளர் முடியவில்லை. இத்தனை நாளாக இதில்தானா காபி குடித்தோம் என்று ஸ்டெல்லா அதைக் கையில் எடுக்கவே தயங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே ஸ்ரீநிவாசன் வீட்டுக்குப் போனாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"பவுன் செத்துடறாள்னு சொன்னேளேம்மா?"

"கொல்ல முடியல சார்."

"ஏன்?"

"அனுப்புன வேலைய முடிச்சிட்டா சார். யாருமே கண்டுபிடிக்காதத கண்டுபிடிச்சிட்டா. இனிமே போய் கசிவு அது இதுன்னு சொல்லி எப்படி சார் கொல்லுவேன்?"

"அப்போ முடிவு?"

"தெரியல. அவளுக்கு ஒரு ஜன்னல் வைக்கணும். எத வச்சுக் காட்டணும்னு தெரியல."

ஸ்ரீநிவாசன் தாள்களைச் சரியாக அடுக்கினார். இலக்கணப் பிழைகூடத் திருத்தவில்லை. "மார்ச் பத்துக்குள்ள அச்சுக்குப் போகணும், ஞாபகம் வெச்சுக்கோங்கோ" என்றார். வாசல்வரை வந்தவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு... என்னைத் தெரியுமா?"

"கேக்கல சார். கேக்கட்டுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம். வேண்டாம்மா."

அன்று மத்தியானம் மீன் குழம்பும் சோறும் சாப்பிடும்போது ஸ்டெல்லா மகளைக் கேட்டாள். "ரீனா, ஆகாசத்துல இருந்து சத்தம் வருதான்னு கேக்க நம்ம ஊர்ல யாராச்சும் இருக்காங்களா?"

"அரே மம்மி, நாராயண்காவ் பக்கத்துல இருக்குல்ல. கோடத்ல. பெரிய பெரிய ரேடியோ டெலஸ்கோப், முப்பது இருக்கு. ஸ்பேஸ்ல இருந்து வர்ற ரேடியோ வேவ் எல்லாம் அது சுன்தா ஹை, கேட்டுக்கிட்டே இருக்கும்."

"நாராயண்காவா? தக்காளி வருமே, அந்த நாராயண்காவா?"

"ஹாம், அதேதான். சயின்ஸ் டேக்கு எல்லாரையும் உள்ள விடுவாங்க. எங்க காலேஜ் பஸ் போகுது. நீ வரியா?"

பூனாவிலேயே பிறந்து நாற்பத்துமூன்று வயது ஆகிவிட்டது. இரண்டு மணி நேரப் பயணத்தில் முப்பது பேர் வானத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள், அது தெரியாமல் காதில் டெலிபோன் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஸ்டெல்லா சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தாள்.

சயின்ஸ் டே பிப்ரவரி இருபத்தெட்டு, சனிக்கிழமை. லீவு போட்டுவிட்டு, கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே நோட்டுப் பையோடு ஏறிக்கொண்டாள். நாசிக் ரோட்டிலிருந்து கிளைச் சாலையில் திரும்பியபின் வெங்காய வயல்கள். வயல்களுக்குப் பின்னால் திடீரென்று ஒன்று தெரிந்தது, தள்ளி இன்னொன்று, அதற்கும் தள்ளி வேறொன்று. பஸ்ஸில் பாட்டு நின்றுவிட்டது.

அருகில் போனபோது கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. வீடு உயரத்துக்கு ஒரு காங்கிரீட் கோபுரம், அதன்மேல் ஒரு தெருவையே மூடிவிடக்கூடிய கிண்ணம். ஆனால் தகடு இல்லை. அத்தனையும் மெல்லிய கம்பிவலை. கிண்ணத்தின் வழியாகவே நீல வானம் தெரிந்தது. இவ்வளவு பெரியது இவ்வளவு லேசாக இருக்க முடியும் என்று ஸ்டெல்லா நினைத்ததே இல்லை.

ராகவேந்திரா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு இளம் என்ஜினியர் ஹிந்தியில் விளக்கினார். இது பார்க்கிற தொலைநோக்கி இல்லை, கேட்கிறது என்றார். இன்று இந்த வலையில் வந்து விழுகிற அலைகளில் சில, பூமியில் மனிதன் என்று ஒருவன் வருவதற்கு முன்பே கிளம்பியவை என்றார். பிள்ளைகள் வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். வேற்றுக்கிரகத்து ஆட்கள் யாராவது பேசினார்களா? இதுவரை இல்லை என்று அவரும் வழக்கமாகச் சிரித்தார்.

ஸ்டெல்லா கையைத் தூக்கினாள். "நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அங்கே யாருக்காவது தெரிந்திருக்குமா?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

அவர் மேலே கிண்ணத்தைப் பார்த்தார். "ஆன்ட்டி, ஆறு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். இதை யோசித்ததில்லை" என்றார்.

கூட்டம் அடுத்த கூடாரத்துக்கு நகர்ந்தது. ஸ்டெல்லா நகரவில்லை. கிண்ணத்தின் நிழல் விழுந்திருந்த தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். கம்பிவலையின் நிழல் வெள்ளைத் தாளில் சின்னச் சின்னக் கட்டங்களாக விழுந்தது. எழுத ஆரம்பித்தாள். 'செவியின் சுவரில் ஒரு ஜன்னல் திறந்தது.'

பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினாள். காங்கிரீட், வலை, வலைக்குள் வானம், தள்ளித் தெரிகிற மற்ற கிண்ணங்கள், மொத்தம் முப்பது என்ற கணக்கு, வெங்காய வாடை, வேலிக்கு அப்பால் மேய்கிற எருமை. எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு முனகல் கேட்டது. கிண்ணம் அசைந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, யாரோ கூப்பிட்டுத் திரும்புவதுபோல, மெல்ல வேறு திசைக்குத் திரும்பியது. தாளில் இருந்த கட்டங்கள் எல்லாம் ஒன்றாக நகர்ந்தன. எழுத்துகளின் மேல் ஏறி, வரி வரியாகக் கடந்து, அவள் கைமேல் படர்ந்து, தாளை விட்டு வெளியே போயின. எந்த ரயிலும் இல்லாத இடத்தில் எழுத்து கோணிக்கொண்டு போனது. பேனா மட்டும் நிற்கவில்லை.

'பார்க்கிறேன்' என்று எழுதியது. 'முப்பது பேரா? நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். இவர்களுக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லையா? அப்படியானால் சொல்லிவிடு. பவுன் கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்.'

ஸ்டெல்லா நோட்டை மூடினாள். எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அக்கம்பக்கம் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் நேரே கோபுரத்திடம் போய், வெயிலில் சூடேறிய காங்கிரீட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

"பவுன் கண்டுபிடிச்சிட்டா" என்றாள் உரக்க. "நீங்களும் விடாமக் கேளுங்க."

திரும்பினால் ரீனா நின்றிருந்தாள். சிரிக்கப்போகிறாள் என்று ஸ்டெல்லா எதிர்பார்த்தாள். ரீனா அம்மாவையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மம்மி, இதுல என்ன எழுதியிருக்கே? எனக்குப் படிச்சுக் காட்டு."

திரும்பி வரும் பஸ்ஸில் முதல் அத்தியாயத்திலிருந்து படித்துக் காட்டினாள். புரியாத சொல்லுக்கெல்லாம் ரீனா அர்த்தம் கேட்டாள். ராஜ்குருநகர் தாண்டும்போது பின்சீட்டு மராத்திப் பிள்ளைகள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ரீனா அவர்களுக்கு மராத்தியில் சொல்ல ஆரம்பித்தாள். ஜன்னல் திறக்கிற இடத்துக்கு வந்தபோது பஸ் சிவாஜி நகருக்குள் வந்துவிட்டது. யாரும் இறங்கவில்லை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது.

ஸ்ரீநிவாசன் ஒரு வார்த்தையை வெட்டவில்லை. ஏப்ரல் இதழில் கடைசி அத்தியாயம் அப்படியே வந்தது. பவுன் சாகவில்லை. பிழைத்தாள் என்றும் எழுதியிருக்கவில்லை. ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அதோடு சரி. கோடத் போய் வந்த நாளிலிருந்து ஸ்டெல்லா எத்தனையோ முறை நோட்டைத் திறந்து காத்திருந்தாள். பேனா அவள் நினைத்ததைத்தான் எழுதியது. அவளுக்கு அது வருத்தமாக இல்லை. பார்க்க அவ்வளவு கிடைத்தவள் எதற்குப் பேசப் போகிறாள் என்று சொல்லிக்கொண்டாள்.

மே மாதம் ரஞ்சன்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இஸ்மாயில், ஆம்பூர்க்காரர், அங்கே ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டர். அறைத்தோழர் ஒருவர் வழியாகப் பத்திரிகை கைக்குக் கிடைத்ததாம்.

'அம்மா, ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். கம்பெனி பஸ் வந்து போனதுகூடத் தெரியவில்லை. படித்து முடித்ததும் நானும் எண்ணிப் பார்த்தேன். என் நாட்களிலும் ஏதோ ஒன்று ஓடி ஓடி நிற்கிறது. அது யாருடைய போக்குவரத்து என்று தெரியவில்லை. இருந்தாலும் அந்த ரோட்டில் நின்று, மேலே பார்த்து ஒரு சலாம் சொன்னேன். அறிந்தவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.'

ஸ்டெல்லா கடிதத்தை உரக்கப் படித்தாள். ஜெபமணி தினமணியை மடித்து வைத்துவிட்டுக் கேட்டான். ரீனா தன் புத்தகத்தை மூடிக் கேட்டாள்.

"அந்த மனுசனுக்குப் பதில் போடுட்டீ" என்றான் ஜெபமணி.

"என்னன்னு போடுவேன்?"

"எனக்கென்ன தெரியும். நீதான எழுதுதவ."

அவள் ஒரு போஸ்ட் கார்டு எடுத்து விலாசத்தை எழுதினாள். மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு ஒரு கார்டு பெரிதாகத் தெரிந்தது. கடைசியில், 'தம்பி இஸ்மாயிலுக்கு, உங்கள் சலாம் என்னிடம் வந்து சேர்ந்தது. அதற்கு மேலேயும் போய்ச் சேரும் என்றே நினைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெயில் இறங்குவதற்குள் தபாலில் போட்டுவிடலாம் என்று ரீனாவையும் கூட்டிக்கொண்டு கட்கி பஜார் பக்கம் நடந்தாள்.